பதிவேட்டில் இல்லாத அரை மணி நேரம்

முதல் அடி பின்னாலிருந்து விழுந்திருக்கிறது. நாற்காலியில் இருந்தவர் முன்னால் சாய்ந்து, மேஜை விளிம்பில் மூக்கு உடைந்து, பிறகு தரையில் சரிந்திருக்கிறார். அடுத்த இரண்டு அடிகளும் தரையில் கிடந்தவருக்கு. ரேக்கிலிருந்து கழற்றிய இரண்டடி இரும்புச் சட்டம் சுவரோரம் கிடந்தது, நடுவில் வளைந்துபோய். இரும்பு வளைகிற அளவுக்கு ஒருவன் அடித்திருக்கிறான்.

"இதுக்கப்புறமும் அந்த ஆளுக்கு மூச்சு இருக்குன்னா, அந்த மண்டையை வச்சு அணையே கட்டலாம்க்கா," என்றான் ரேடியோ.

உடும்பு குனிந்து வளைந்த சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது போலீஸ் இலாகா. பிடித்தால் விடமாட்டாள் என்பதற்காக வைத்தார்கள். பிறகு அவள் ஒரு மேலதிகாரியின் சட்டைக் காலரைப் பிடித்து விடாமல் தாடையைப் பெயர்த்ததால், இலாகாவே அவளை விட்டுவிட்டது. இப்போது தனியாகத் துப்பறிகிறாள். ரேடியோ அவளுடைய உதவியாளன், நாற்பது வயது. தூக்கத்திலும் வாய் மூடாது என்று அவன் மனைவி புகார் சொல்வாள்.

இவர்களிடம் இருந்தது ஐந்து மணி நேரம். பத்து நாள் முன்பு ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகடு அழுத்துகிற பிரஸ், ஒரு தொழிலாளியின் இரண்டு கைகளும் உள்ளே இருக்கும்போதே இறங்கிவிட்டது. மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. கை உள்ளே இருந்தால் பிரஸ்ஸை நிறுத்த வேண்டிய புரோகிராம் இந்தக் கட்டடத்தில்தான் தயாரானது. அந்தத் தொழிலாளியின் அண்ணன் ஒரு வெல்டர். நேற்றுக் காலை பத்து மணிக்கு இந்த வாசலில் வந்து நின்று, புரோகிராம் அனுப்பினவன் கையை நானே வெட்டுவேன் என்று தெருவே கேட்கக் கத்தினான். பன்னிரண்டு மணிக்கு, புரோகிராம்களை அனுப்புகிற சர்வர்க்காரர் இந்த அறையில் ரத்த வெள்ளத்தில் கிடந்தார். போலீசுக்கு அதற்கு மேல் யோசிக்கச் சோம்பல். வெல்டரைத் தூக்கிக்கொண்டு போய் ராத்திரி முழுக்க அடித்தார்கள். இன்று மாலை நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள். அதற்குள் அவன் அடி தாங்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை முடிந்தது.

வெல்டரின் மனைவி காலையில் வந்து உடும்பின் காலைப் பிடித்தவள், வழக்கை எடுக்கிறேன் என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. பத்தரையிலிருந்து மத்தியானம்வரை தன் புருஷன் ஆஸ்பத்திரியில் இருந்தான், தம்பியின் இரண்டாவது ஆபரேஷனுக்கு 10.40க்குக் கையெழுத்துப் போட்டான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்கு போலீஸ் சொன்ன பதில் சுருக்கமானது. அடித்தது பத்தே காலுக்கு, ஆஸ்பத்திரிக்குப் போனது அடித்த பிறகு.

உடும்பு மேஜைமேல் குனிந்து கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மானிட்டரில் ரத்தம் புள்ளி புள்ளியாக இருந்தது. கீபோர்டில் மட்டும் நாலைந்து எழுத்துகள்மேல் பட்டையாக இழுத்திருந்தது.

"தெறிச்ச ரத்தம் புள்ளியா விழும். இது தேய்ச்ச ரத்தம். அடிச்சவன் அடிச்சிட்டு உக்காந்து டைப் பண்ணியிருக்கான்."

"வெல்டர் டைப் பண்ணுவானா என்ன? அவன் சம்சாரம் போன்ல பேர் சேவ் பண்ணித் தரணும்னு சொன்னாங்களே," என்றான் ரேடியோ.

பின்னால் நின்ற கம்பெனி மேனேஜர் தொண்டையைச் செருமினார். இஸ்திரி கலையாத சட்டை. ஒருவன் மண்டை பிளந்த அறையில் நின்றுகொண்டு, ஏசி சரியாக வேலை செய்யவில்லை என்று வருத்தப்பட்டவர் அவர். உடும்பு கேட்டதும், இந்த அறையில் என்ன நடக்கும் என்று பாடம் எடுப்பதுபோல் விளக்கினார்.

முப்பது பேர் தனித்தனியாக எழுதுவதை வாங்கி, ஒன்றாகக் கோத்து, சோதித்து, தேறினால் மட்டும் வெளியே அனுப்புகிற கம்ப்யூட்டருக்கு பில்ட் சர்வர் என்று பெயர். எந்தெந்தச் சோதனை நடக்க வேண்டும் என்ற கட்டளைகள் கான்ஃபிக் ஃபைல்களில் இருக்கும். சர்வர்க்காரர் அந்த ஃபைல்களை ஒரு பதிவேட்டில் வைத்துக் காத்தார். ஓர் எழுத்து மாற்ற வேண்டுமானாலும் யார், எப்போது, யார் சொல்லி, ஏன் என்று நாலும் எழுதினால்தான் பதிவேடு ஏற்கும். யாராவது எழுதாமல் நேராக சர்வரில் கை வைத்தால் மாட்டட்டும் என்று, மணிக்கு ஒருமுறை சர்வரே தன் ஃபைல்களைப் பதிவேட்டில் நகல் போடவும் ஏற்பாடு செய்திருந்தார்.

"அந்த பிரஸ்ஸுக்கான புரோகிராம் பன்னிரண்டாம் தேதி மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ரெடியாச்சு மேடம். கை உள்ள இருந்தா பிரஸ் நிக்குதான்னு பாக்கற கை-காவல் சோதனை மூணு மணி நகல்ல ஆன். நாலு மணி நகல்லயும் ஆன். எதுவுமே மாறலை. அந்தத் தொழிலாளிதான் எங்கேயோ தப்பா கையை விட்டிருக்கான்."

இரண்டு கையும் போனவனைப் பற்றி இப்படிப் பேச ஒரு தைரியம் வேண்டும். உடும்புக்கு அவருடைய தாடைமீது ஓர் ஆசை எழுந்தது. அடக்கிக்கொண்டாள்.

மேஜைக்கு அடியில் குப்பைக்கூடையும் சுவரும் சேருகிற இடத்தில் இரண்டு தாள்கள் செருகியிருந்தன. ரேடியோ குப்புறப் படுத்து எடுத்தான். அடி வாங்குவதற்கு முன் சர்வர்க்காரர் பார்த்துக்கொண்டிருந்தவை அவை. மூலையில் ரத்தம் காய்ந்திருந்தது. மேனேஜர் சொன்ன அதே இரண்டு நகல்கள்தான். எண்கள், கட்டளைகள் எல்லாம் ஒன்று. மேனேஜர் முகத்தில் பார்த்தீர்களா என்கிற திருப்தி.

ரேடியோ தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். "ரெண்டும் ஒண்ணுன்னா, நாலு மணித் தாள் மட்டும் ஏன் முடி வெட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு?"

மூன்று மணித் தாளில் கட்டளைகளுக்கு நடுவே மனிதன் மனிதனுக்கு எழுதிய வரிகள் இருந்தன. 'இதைத் தொடாதே, தொட்டால் ஒருத்தன் கை போகும்.' 'இது மெதுவாகத்தான் ஓடும், பொறுமை இல்லாதவன் வேறு வேலை பார்.' நாலு மணித் தாளில் அந்த வரிகள் ஒன்றுகூட இல்லை. அவை வெறும் குறிப்புகள், மெஷின் அவற்றைப் படிக்காது, அவற்றால் எந்த மாற்றமும் வராது என்றார் மேனேஜர். அவர் அதைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னார்.

வெளியே கூடத்தில் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த ஒரு புரோகிராமரிடம் உடும்பு அந்தத் தாள்களைக் காட்டினாள். அவன் மேஜை காலியாக இருந்தது. நேற்று மாலையே எல்லா லேப்டாப்களையும் போலீஸ் கேட்டதாக மேனேஜர் வாங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து வைத்துவிட்டாராம். அவன் தாள்களைப் பார்த்த ஐந்தாவது வினாடியில் விஷயம் உடைந்தது.

"யாரோ ஸ்க்ரீன் வழியா போய் மாத்தியிருக்காங்க மேடம். ஃபைலைத் திறந்து கையால எழுதினா குறிப்பு அப்படியே இருக்கும். செட்டிங்ஸ் ஸ்க்ரீன்ல போய் சேவ் அழுத்தினா, சர்வர் ஃபைலைத் தன் இஷ்டத்துக்குப் புதுசா எழுதும். குறிப்பெல்லாம் போயிடும். ஒரு தடவை நான் அப்படிப் பண்ணதுக்கு சர்வர் அண்ணன் என் கீபோர்டைப் பிடுங்கி என் மேலயே அடிச்சாரு. இங்க பாருங்க, தழும்பு."

மாறாத ஃபைலில் காணாமல் போனது குறிப்புகள் மட்டும். அப்படியானால் ஒருவன் மூன்று மணிக்குப் பிறகு கை-காவல் சோதனையை அணைத்து, புரோகிராமை வெளியே தள்ளிவிட்டு, நாலு மணி நகலுக்கு முன்னால் திரும்பப் போட்டிருக்கிறான். இரண்டு நகல்களுக்கும் நடுவிலிருந்த சந்தில் புகுந்து வெளியே வந்திருக்கிறான். அந்தச் சந்தில் ஒருவனுடைய இரண்டு கைகள் போயின.

அந்த ஸ்க்ரீனின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். இரண்டே பேரிடம். ஒருவர் சர்வர்க்காரர், இன்னொருவர் சோதனைப் பிரிவின் தலைவி. தடித்த கண்ணாடி போடுவதால் ஆபீசில் அவளுக்குக் கண்ணாடி என்றே பெயர். சர்வர்க்காரரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தங்கை. நேற்றிலிருந்து ஆபீசுக்கு வரவில்லை. உடும்பு அவள் வீட்டு முகவரி கேட்டபோது மேனேஜர் சற்றுத் தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார். ரேடியோ அதைக் கவனித்தான். கவனித்ததைச் சொல்ல அவனுக்குக் கார் ஏறும்வரைகூடப் பொறுமை இல்லை.

கண்ணாடியின் வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடி திரும்பும்போதே சத்தம் கேட்டது. ஏதோ கனமானது கதவு நிலையில் மோதுகிற சத்தம். பிறகுதான் அது ஒரு தலை என்று புரிந்தது.

ஹெல்மெட் போட்ட இரண்டு பேர். ஒருவன் கண்ணாடியின் முடியைக் கொத்தாகப் பிடித்து நிலையில் மோதிக்கொண்டிருந்தான். மற்றவன் அவள் வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தான். அவள் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துச் சுருண்டிருந்தாள். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. கையை மட்டும் விடவில்லை.

உடும்பு சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றினாள். எச்சரிக்கை செய்கிற பழக்கம் அவளுக்கு வேலையில் இருந்தபோதே கிடையாது. உதைத்துக்கொண்டிருந்தவனின் முழங்காலில் பக்கவாட்டில் இறக்கினாள். கால் மடங்கக்கூடாத திசையில் மடங்கியது. மற்றவன் திரும்பி இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். குறுக்கே வந்த ரேடியோவின் வாயில் அவன் முழங்கை இறங்கியது, இரண்டு பற்கள் படியில் உருண்டன. ரேடியோ மீதமிருந்த பற்களால் அவன் மணிக்கட்டைக் கவ்வினான். கத்தி விழுந்தது. உடும்பு ஹெல்மெட்டின் முகத்தடுப்பைத் தூக்கி, சிலிண்டர் குழாயை உள்ளே விட்டு அழுத்தினாள். வெள்ளைப் புகைக்குள் அவன் அலறியபடி தடுமாறிப் படிகளில் உருண்டு, கீழ்த் தளத்தில் போய்த்தான் நின்றான். அவன் தோள்பட்டை இடம் மாறியிருந்தது.

கால் மடங்கியவனின் சட்டைப் பையில் போன் அடித்தது. உடும்பு எடுத்துக் காதில் வைத்துப் பேசாமல் நின்றாள்.

"லேப்டாப் கிடைச்சுதா? உடைச்சிட்டீங்களா?" என்றது மேனேஜரின் குரல்.

அவள் அணைக்காமலே போனைப் பையில் போட்டுக்கொண்டாள். ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் தன் கைக்குட்டையை அவன் கையில் திணித்தாள். ஆனால் அவன் பேசாமல் இருந்தது அரை நிமிடம்தான். இனிமேல் சோறு மெல்ல ஆள் வைக்க வேண்டும், அந்தச் சம்பளத்தையும் அக்காவே கொடுக்க வேண்டும் என்று குழறினான்.

கண்ணாடியை உள்ளே தூக்கிப் போய்த் துணியால் நெற்றியைக் கட்டினாள் உடும்பு. நேரம் ஒன்றரை. கேட்க வேண்டியதை நேராகவே கேட்டாள். பாஸ்வேர்டு இரண்டு பேரிடம். ஒருவர் மண்டை பிளந்து கிடக்கிறார். அப்படியானால் மேனேஜர் சொல்லிக் கை-காவலை அணைத்தது நீதானே?

கண்ணாடி இல்லை என்று தலையாட்டினாள். பிறகு லேப்டாப்பைத் திறந்து திருப்பி வைத்தாள்.

"எங்க பதிவேடு ஆபீஸ்ல ஒரு இடத்துல மட்டும் இருக்கறது இல்லை மேடம். வேலை செய்யறவங்க எல்லார்கிட்டயும் முழுப் பிரதி இருக்கும். என்னோடது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானா இழுத்துக்கும். நேத்து காலையில நான் வீட்லதான் வேலை பார்த்தேன். அப்போ இது வந்துச்சு. அப்புறம் ஆபீஸ் பதிவேட்டுல இதை யாரோ அழிச்சிட்டாங்க. அங்க அழிச்சா என்கிட்ட அழியாது."

திரையில் பதிவேட்டின் கடைசிப் பதிவு இருந்தது. நேரம், நேற்றுக் காலை 10.42. எழுதியவர் சர்வர்க்காரர்.

'பன்னிரண்டாம் தேதி மாலை 3.10க்குக் கை-காவல் சோதனையை நான்தான் அணைத்தேன். 3.40க்குத் திரும்பப் போட்டேன். சொன்னவர், மேனேஜர். காரணம், இரண்டு நாளாக அந்தச் சோதனை தோல்வி என்றே காட்டியது. கேபிள் பழுது, சோதனை பொய் சொல்கிறது என்றார். நம்பினேன். சோதனை பொய் சொல்லவில்லை. பதிவில் வரக்கூடாது என்று ஸ்க்ரீன் வழியாகச் செய்தேன். அதில் என் குறிப்புகளே அழிந்ததை இன்றுதான் பார்த்தேன். அந்த அரை மணியில் உருவான புரோகிராம் பதினான்கு பிரஸ்களுக்குப் போயிருக்கிறது. கையை வாங்கிய ஒன்றைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். மேனேஜரை வரச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் சொல்லிவிட்டு போலீசுக்குப் போகிறேன்.'

ஸ்க்ரீனைத் தொட்டவனை எல்லாம் கீபோர்டால் அடித்த மனிதர், வாழ்நாளில் ஒரே ஒருமுறை தானே ஸ்க்ரீனைத் தொட்டிருக்கிறார். அதை ஒளித்து வைக்க மாட்டாமல், தான் போட்ட விதிப்படியே யார், எப்போது, யார் சொல்லி, ஏன் என்று எழுதி வைத்திருக்கிறார். எழுதிய கையோடு மண்டையில் இரும்பு இறங்கியது. அடித்தவன் ரத்தக் கையோடு உட்கார்ந்து அந்தப் பதிவை அழித்தான். பதிவேட்டில் பதிவை அழிக்கிற அதிகாரம் அலுவலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு என்றாள் கண்ணாடி. அது மேனேஜர்.

"நேத்தே இதைக் கொடுத்திருந்தா ராத்திரி ஒருத்தன் அடி வாங்கியிருக்க மாட்டான்," என்றாள் உடும்பு.

"எங்க அக்கா ஐசியூ வாசல்ல உக்காந்திருக்கா மேடம். மாமா பிழைச்சு வந்தாலும், கையை வாங்கினவன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. அவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

"லாக்கப்புல இருக்கறவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருக்கா. எழுந்திரு. உங்க மாமா போலீசுக்குப் போறேன்னு எழுதியிருக்காரு. அவரால முடியலை. நீ போ."

கண்ணாடி அழுதாள். அழுதுகொண்டே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு முதலில் படி இறங்கியது அவள்தான்.

காரில் போகும்போதே உடும்பு தொழிற்சாலை அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தாள். மற்றப் பதிமூன்று பிரஸ்களும் ஓடிக்கொண்டிருந்தன. கம்பெனியிலிருந்து மெயில் வராமல் உற்பத்தியை நிறுத்த முடியாது என்று அங்கிருந்தவர் மூன்று முறையும் ஒரே ராகத்தில் சொன்னார். மெயில் அனுப்ப வேண்டிய மேனேஜர் வேறு வேலையாக இருந்தார்.

ஸ்டேஷனில் வாசல்வரைக்கும் அடிச்சத்தம் வந்தது. லாக்கப்பில் வெல்டரைத் தரையில் உட்கார வைத்து, வலது கையை ஒரு பெஞ்சுமேல் நீட்டிப் பிடித்திருந்தார்கள். லத்தி ஓங்கியிருந்த கான்ஸ்டபிளின் கையை உடும்பு பின்னாலிருந்து பிடித்து முறுக்கியதில் அவன் பெஞ்சுமேலேயே விழுந்தான். ஆனால் அவள் வந்தது தாமதம். வெல்டரின் நான்கு விரல்கள் ஏற்கெனவே ஒடிந்து வீங்கியிருந்தன. கையெழுத்து மட்டும் போடவில்லை. போடச் சொன்னபோதெல்லாம், தம்பிக்குச் சோறு ஊட்ட இந்தக் கைதான் இருக்கிறது, உடைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னானாம்.

இன்ஸ்பெக்டர் ஒருகாலத்தில் அவளுக்குக் கீழே வேலை பார்த்தவர். 10.42க்கு சர்வர்க்காரர் உயிரோடு எழுதியதையும், 10.40க்கு ஆஸ்பத்திரியில் வெல்டர் போட்ட கையெழுத்தையும், கீபோர்டின் ரத்தப் பட்டையையும், அந்தப் போனில் வந்த அழைப்பையும் வரிசையாக வைத்தாள். அவர் முகம் வெளுத்தது. இதெல்லாம் கோர்ட்டில் நிற்குமா என்று இழுத்துப் பார்த்தார். வெல்டரின் விரல்கள் கோர்ட்டில் நிற்கும் என்றாள் உடும்பு. அவர் ஜீப்பை அனுப்பினார். இருபது நிமிடத்தில் வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. மேனேஜர் சர்வர் அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு, இரும்புச் சட்டத்தால் மெஷின்களை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார், கதவை உடைத்துத்தான் பிடித்தார்கள். எதை உடைத்தாலும் பிரதி வேறு இடத்தில் இருக்கிறது என்பது அந்தப் படித்த மனிதருக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

வெல்டரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உடும்பு அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அணைத்தவர் யார், அணைக்கச் சொன்னவர் யார், எவ்வளவு நேரம். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கண்ணாடி சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் யார் என்று தெரிந்ததும் அவன் ஏதாவது செய்வான் என்று ரேடியோ ஓரடி முன்னால் வந்து நின்றான். வெல்டர் அவளிடம் கேட்டது ஒன்றுதான்.

"மீதி பதிமூணும் இப்ப ஓடுதா?"

அவள் தலையாட்டினாள். கம்பெனி மெயில் வந்தால்தான் நிறுத்துவார்களாம் என்று உடும்பு சொன்னாள். அவன் இடது கையை நீட்டிப் போன் கேட்டான். ஒரு நம்பரைச் சொல்லி அழுத்தச் சொன்னான். அது ஆபீஸ் நம்பர் இல்லை. தம்பிக்குப் பக்கத்து பிரஸ்ஸில் நிற்கிற தொழிலாளியின் நம்பர். ஸ்பீக்கரில் போட்டதும் பிரஸ்கள் இறங்குகிற சத்தம் அந்த வராந்தா முழுக்க அதிர்ந்தது.

"அண்ணா, நான்தான். தம்பி நல்லா இருக்கான். நான் சொல்றதைக் கேளுங்க. யாரையும் கேக்காதீங்க. முதல்ல கையை வெளியே எடுங்க. எடுத்துட்டீங்களா? மெஷினை நிறுத்துங்க. அப்புறம் பக்கத்து மெஷின்காரன்கிட்ட போய் நிறுத்தச் சொல்லுங்க. சூப்பர்வைசர் வந்தா நிக்காதீங்க, அடுத்த மெஷினுக்குப் போங்க."

அந்தப் பக்கம் யாரோ கத்துவது கேட்டது. ஒரு சத்தம் நின்றது. பிறகு இன்னொன்று. வெல்டர் கண்ணை மூடிக்கொண்டு, மடக்க முடியாத விரல்களைப் பார்க்காமல், வாய்க்குள் எண்ணினான். பன்னிரண்டு வரை சீக்கிரம் வந்துவிட்டது. கடைசி பிரஸ் மட்டும் இன்னும் மூன்று தடவை இறங்கியது. ஒவ்வொரு தடவையும் அவன் உடம்பு குலுங்கியது. நாலாவது சத்தத்துக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை.